பச்சை நத்தைக்கு ‘வெளிறியவள்’ என்று பெயர்

சென்னை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். மடியில் ஒரு தண்ணீர் பாட்டில். சூடு ஏறிவிடக் கூடாது என்று ஈரத் துண்டைச் சுற்றியிருந்தேன். துண்டிலிருந்து சொட்டிய தண்ணீர் புடவையை நனைத்து, காய்ந்து, வெள்ளைக் கோடாக உப்புப் பூத்திருந்தது. கருத்தரங்குக்கென்று எடுத்து உடுத்திய நல்ல காட்டன் புடவை. போகட்டும்.

பக்கத்து சீட்டில் கைக்குழந்தையோடு ஒரு பெண். கடப்பாக்கம் தாண்டியதும் குழந்தைக்கு விக்கல் எடுத்தது.

“கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா. புள்ளைக்கு விக்குது.”

“இது குடிக்கிற தண்ணி இல்லீங்க.”

அவள் முகம் மாறிவிட்டது. “பாட்டில் நெறைய வெச்சிக்கினு இல்லேன்றீங்களே...”

முன் சீட்டிலிருந்து என் தம்பி அந்தோணி திரும்பினான். தன்னுடைய பாட்டிலை அவளிடம் கொடுத்துவிட்டு, “அது உப்புத் தண்ணிங்க. உள்ள ஒரு உசுரு இருக்குது. மீட்டிங்குக்கு இட்டுனு போறோம்” என்றான்.

துண்டை விலக்கிக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள்.

“எங்க? ஒரு எலைதான் கெடக்குது.”

“அதுதாங்க.”

இலை மெல்ல அசைந்தது. பாட்டிலின் சுவரைப் பற்றி மேலே ஏறியது. முன்பக்கம் முயல் காது மாதிரி இரண்டு கொம்புகள் நீண்டன.

“அடியாத்தே, நடக்குது பாரேன்! பச்சப் பசேல்னு இருக்குதே!”

பச்சை. அந்த ஒரு வார்த்தையை நாலு பேர் முன்னால் சொல்லத்தான் அன்று பஸ் ஏறியிருந்தேன். சாப்பிடவில்லை. பசியும் இல்லை. அப்படி ஒரு கோபம் எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை. அதற்குப் பிறகு போகவும் இல்லை.

ஓட்டை உதறிய நத்தை

இந்தத் தொடரில் என் கல்யாணம் வந்துவிட்டது, நான் வேலைக்குப் போன கதை வந்துவிட்டது, கல்லூரி ஸ்டாஃப் ரூம் சண்டைகள் தேவைக்கு அதிகமாகவே வந்துவிட்டன. “விலங்கியல் டீச்சர்தானே நீங்கள், உங்கள் ஆராய்ச்சியைப் பற்றி ஒரு வரி கூட இல்லையே” என்று வாசகர்கள் கேட்கிறார்கள். எழுதாமல் தள்ளிப்போட்டதற்குக் காரணம் இந்தக் கோபம்தான். இதை எழுத உட்கார்ந்தால் பேனா தாளைக் கிழிக்கிறது.

நான் பார்ப்பது கடல் நத்தைகளை. ஓடு இல்லாதவை. தோட்டத்து நத்தைக்குச் சொந்தக்காரர்கள்தான், ஆனால் ஓட்டை எப்போதோ உதறிவிட்டு உடம்பை மட்டும் வைத்துக்கொண்டு பிழைப்பவை. ஓடு போன பிறகு உயிர் பிழைக்க ஒவ்வொன்றும் ஒரு வழி வைத்திருக்கிறது. சில விஷமாக இருக்கும். சில பூப்போல நிறம் காட்டி மிரட்டும். சில, நம் கண்ணுக்கே தெரியாமல் பாசியோடு பாசியாகக் கிடக்கும்.

“ஓ, கடல் அட்டையா?” என்று கேட்பார்கள். இல்லை. கடல் அட்டை வேறு பிராணி. அதைப் பிடித்தால் வனத்துறை கேஸ் போடும். ஒரு தடவை அனுமந்தைப் பக்கம் ஒரு வனக்காவலர் என்னை நிறுத்தி டப்பாவைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். குனிந்து பார்த்தார், குலுக்கிப் பார்த்தார், வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். “இதுல ஒண்ணுமே இல்லியே மேடம்” என்று பரிதாபமாகத் திருப்பிக் கொடுத்தார். உள்ளே இரண்டு நத்தைகள் இருந்தன.

அந்தோணி சொன்ன சளி

என் தம்பி மரக்காணம் உப்பளத்தில் மோட்டார் ஓட்டுகிறான். கழுவெளி உப்பேரியிலிருந்து வரும் உப்புத் தண்ணீரை வாய்க்காலிலிருந்து பாத்திகளுக்கு ஏற்றும் மோட்டார். வெயில் காலத்தில் வாய்க்கால் முழுக்கப் பாசி பிடிக்கும். பாசி போய், தண்ணீருக்குள் கிடக்கும் குழாய் முனையின் புட்வால்வை அடைத்துக்கொள்ளும். மோட்டார் காற்றை இழுத்துக் கத்தும். அந்தோணி அதைவிட அதிகமாகக் கத்துவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து அம்மா கட்டிக் கொடுத்த இட்லியோடு அவனைப் பார்க்கப் போனேன். அவன் இடுப்பளவு தண்ணீரில் நின்று பாசியை வாரி வாரிக் கரையில் எறிந்துகொண்டிருந்தான். வெயிலுக்கு உப்புக் குவியல்கள் கண்ணைக் கூசவைத்தன. காலடியில் விழுந்த பாசிக் குப்பையில் ஏதோ ஒன்று, பாசியைவிடக் கொஞ்சம் கூடுதல் பச்சையாக, சுருண்டு கிடந்தது.

“அந்தோணி, இது என்னாடா?”

“சளிக்கா அது. பாசி அழுவிப்போனா அப்பிடித்தான் வரும். தொடாத.”

தொட்டேன். இட்லி டப்பா மூடியில் வாய்க்கால் தண்ணீரை மொண்டு அதை அதில் விட்டேன். கொஞ்ச நேரம் சும்மா கிடந்தது. பிறகு மெல்ல விரிந்தது. இரண்டு பக்கமும் சிறகு மாதிரி, அசல் ஒரு துளிர் வெற்றிலை. சிறகோரத்தில் நுண்ணிய நீலப் புள்ளிகள். சுண்டுவிரல் நகம்தான் இருக்கும்.

அந்தோணி கரையேறி வந்து என் தோளுக்கு மேலாகப் பார்த்தான். “சளிக்கு காது இருக்குதுக்கா” என்றான்.

இந்தச் சாதி நத்தைகள் பாசியின் சாற்றை உறிஞ்சிக் குடிப்பவை. குடித்த பச்சையத்தைச் செரித்துவிடாமல் தன் உடம்பிலேயே வைத்துக்கொள்ளும். அந்தப் பச்சையம் உள்ளே உயிரோடு இருந்து கொஞ்ச நாள் வெயிலில் வேலையும் செய்யும். அதாவது இதன் பச்சை, மேலே பூசிய பச்சை இல்லை. அதன் சாப்பாடு, அதன் மறைவிடம் எல்லாமே அந்தப் பச்சைதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரப்போகிற ஆராய்ச்சி நிலைய டைரக்டருக்கு இது தெரியாது என்று நான் நம்பத் தயாராக இல்லை.

ஒரு பிராணியைப் புதிது என்று சொல்வது, கண்டேன் சீதையை என்று ஓடிவந்து சொல்கிற வேலை இல்லை. உலகத்தில் இதன் சொந்தக்காரர்கள் என்று எழுதப்பட்ட ஒவ்வொன்றையும் தேடிப் படிக்க வேண்டும். இது அதுவல்ல, அதுவும் அல்ல என்று ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டும். தூசியளவு பல்லை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்து வரைய வேண்டும். எந்தப் பாசியைத் தின்கிறது, முட்டையை எப்படி இடுகிறது என்று பார்க்க வேண்டும். இது வெள்ளை ரிப்பனைச் சுருட்டி வைத்ததுபோல் முட்டையிடும்.

மழைக்காலத்தில் வாய்க்கால் தண்ணீர் நல்ல தண்ணீராகிவிடும். நத்தை ஒன்று இருக்காது. பொங்கல் கழிந்து உப்பு ஏற ஏறத்தான் திரும்பி வரும். ஆகவே என் ஆராய்ச்சி, உப்பு விளையும் மாதங்களில் மட்டும் நடந்தது. பல கோடைகள். சேற்றில் நின்று நின்று காலில் வந்த புண்ணைப் பார்த்து அம்மா அழுதாள். வீட்டு ஃபிரிட்ஜில் மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நத்தை டப்பா. கணவர் பொறுத்துக்கொண்டார், அதற்கு மட்டும் நன்றி.

பெயரும் முடிவு செய்துவிட்டேன். லத்தீனில் ஊர்ப் பெயரோடு ஒரு விகுதியைச் சேர்த்தால் ‘அந்த ஊர்க்காரி’ என்று பொருள் வரும். மரக்காணத்துக்காரி. வேறு எதையும் யோசிக்கவே இல்லை. புயல் கரையைக் கடந்தால் எங்கள் ஊர்ப் பெயர் செய்தியில் வரும். பக்கத்து எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம் குடித்து ஜனங்கள் செத்த வருடம் டிவி வேன்கள் வரிசையாக வந்தன. உயிரோடு இருக்கிற ஒன்றுக்காக ஒரு தடவை எங்கள் ஊர்ப் பெயர் எழுதப்படட்டுமே என்று நினைத்தேன்.

காரை விட்டு இறங்காதவர்

ஒரு வேலை மட்டும் மிச்சமிருந்தது. மரபணுச் சோதனை. அதற்கு எங்கள் கல்லூரியில் வசதி கிடையாது. ஒரு பயிலரங்கில் அறிமுகமானவர் டைரக்டர். வெளி மாநிலத்தில் பெரிய ஆராய்ச்சி நிலையம் ஒன்றின் தலைவர், நம் தமிழர்தான். பெயரை எழுதப்போவதில்லை. இந்த வாரப் பத்திரிகையை வக்கீல் தேட வைக்க எனக்கு இஷ்டமில்லை.

“அதுக்கென்னம்மா, அனுப்பு. நம்ம லேப்ல பண்ணிடலாம். அப்புறம் சேர்ந்து எழுதலாம்” என்றார்.

புதுச்சேரிக்கு ஏதோ விழாவுக்கு வந்தவர், வழியில் எங்கள் வீட்டுக்கும் வந்தார். அம்மா நண்டுக் குழம்பு வைத்திருந்தாள். நன்றாகச் சாப்பிட்டார். பிறகு உப்பளத்துக்குக் கூட்டிப்போனோம். வாய்க்கால் கரையில் கார் நின்றது. அவர் இறங்கவில்லை.

“ஒரே சேறா இருக்கேம்மா. ஷூ போயிடும்.”

அந்தோணி கண்ணாடிக் கிண்ணத்தில் ஒன்றைப் பிடித்து, கார் ஜன்னலுக்கு நேராகத் தூக்கிக் காட்டினான். கண்ணாடி பாதி இறங்கியது. டைரக்டர் போனில் பேசிக்கொண்டே பார்த்தார். “நைஸ், நைஸ்” என்றார். கண்ணாடி ஏறியது.

அந்தக் கிண்ணத்தில் இருந்தது பச்சை.

அவரிடம் ஸ்பிரிட்டில் போட்ட நத்தைகளைக் கொடுத்தேன். உயிரோடு எடுத்த படங்களை, பல்லின் ஓவியங்களை, என் குறிப்புகளையெல்லாம் மெயிலில் அனுப்பினேன். ஸ்பிரிட்டில் போட்டால் இந்த நத்தையின் பச்சை முழுக்கக் கசிந்து இறங்கிவிடும். ஸ்பிரிட் பச்சையாகும், நத்தை வெந்த சோறு மாதிரி வெளுத்துவிடும். இதையும் எழுதி அனுப்பினேன்.

அதன் பிறகு போன் செய்தால் மீட்டிங்கில் இருந்தார். ஒரு கோடை போனது.

வெளிறியவள்

கட்டுரை வெளியாகிவிட்டது என்பதை எங்கள் கல்லூரி லைப்ரரியில்தான் தெரிந்துகொண்டேன். வேறு எதையோ தேடப் போய் அதுவாக வந்து திரையில் நின்றது. புதிய இனம். ஆசிரியர் ஒருவர்தான், டைரக்டர். உயிரோடு எடுத்த படம் ஒன்று கூட கேட்காத ஏதோ ஒரு ஆராய்ச்சி இதழ் அதைப் போட்டிருந்தது. பல்லின் ஓவியம் என்னுடையது. ஓரத்தில் நான் போட்டிருந்த என் பெயரின் சின்ன எழுத்துகளை மட்டும் அழித்திருந்தார்கள்.

கிடைத்த இடம்: புதுச்சேரி கடற்கரை.

நிறம்: வெளிறிய வெள்ளை.

பெயர்: பல்லிடா. லத்தீனில் ‘வெளிறியவள்’.

கடைசிப் பத்தியில், களத்தில் உதவிய உள்ளூர்க்காரர்களுக்கு நன்றி. பெயர் இல்லாத நன்றி.

யாரோ ஒருவர் அந்த ஸ்பிரிட்டை மாற்றியிருக்க வேண்டும். பச்சையாக இருந்ததைக் கவிழ்த்துவிட்டுப் புதிதாக ஊற்றியிருக்க வேண்டும். எந்த சிங்க்கில் கொட்டினார்களோ, எங்கள் வாய்க்காலின் பச்சை அதில் ஓடிப்போனது. மிஞ்சிய பிணத்தைப் பார்த்து, இதுதான் இதன் நிறம் என்று எழுதியிருக்கிறார். ஒரு பெண் இறந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு, ‘இவள் பேசாதவள்’ என்று எழுதுவது மாதிரி.

விலங்குப் பெயர்களுக்கு ஒரு சர்வதேசச் சட்டம் உண்டு. முறைப்படி முதலில் அச்சான பெயர்தான் பெயர். பொருத்தமில்லாத பெயரா, பொய்யான பெயரா, அதெல்லாம் கணக்கில்லை. மாற்ற முடியாது. நானே நாளைக்கு அந்த நத்தையைப் பற்றி எழுதினாலும் ‘வெளிறியவள்’ என்றுதான் எழுத வேண்டும்.

அந்தோணியிடம் சொன்னேன். மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து கேட்டான்.

“உன் பேரப் போடல. செரி. நம்ம ஊரு பேரு கூடவாக்கா போடல?”

“போடலடா.”

“பாண்டிக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்?”

“வெளிநாட்டுக்காரனுக்குப் பாண்டி தெரியும்.”

அவன் கரையில் கிடந்த மண்வெட்டியை எடுத்து வாய்க்காலில் எறிந்தான். பிறகு அவனே இறங்கித் தேடி எடுத்தான்.

மேடையில் ஒரு பாட்டில்

சென்னைக் கருத்தரங்கில் டைரக்டர்தான் சிறப்புரை. புதிய இனங்களைக் கண்டுபிடிப்பது பற்றி. திரையில் எங்கள் நத்தை வந்தது, வெள்ளையாக, சுருங்கி, மென்று துப்பிய மாதிரி. “தமிழகக் கடற்கரை இன்னும் எவ்வளவு ரகசியங்களை வைத்திருக்கிறது” என்றார். கைதட்டினார்கள்.

கேள்வி நேரம் வந்தது. எழுந்தேன். மைக் கைக்கு வந்தது.

“சார், உயிரோட இருக்கும்போது இதோட நிறம் என்ன?”

“பேப்பர்ல இருக்கேம்மா. பேல் ஒயிட்.”

“நீங்க உயிரோட பாத்தீங்களா சார்?”

“இட் இஸ் ஸ்டாண்டர்ட் ப்ராக்டிஸ், நாங்க ஸ்பெசிமனைத்தான்...”

அவர் முடிப்பதற்குள் நடக்க ஆரம்பித்துவிட்டேன். மேடைப் படியேறி, அவர் குறிப்புகள் வைத்திருந்த மேஜையில் பாட்டிலை வைத்துத் துண்டை எடுத்தேன். நீண்ட பயணத்தில் கொஞ்சம் சுருங்கியிருந்தது. வெளிச்சம் பட்டதும் மெல்ல விரிந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

“இது மரக்காணம் உப்பளத்து வாய்க்கால்ல இன்னைக்குக் காலையில பிடிச்சது. இதுக்குத்தான் சார் வெளிறியவள்னு பேர் வச்சிருக்கீங்க.”

அரங்கத்தில் யாரோ சிரித்தார்கள். டைரக்டரும் சிரித்தார். அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. தப்பு கண்டுபிடிக்கப்பட்டவனின் சிரிப்பு இல்லை அது. குழந்தை ஏதோ கொண்டுவந்து காட்டினால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அது.

“பியூட்டிஃபுல்! லோக்கல் கலர் வேரியேஷனா இருக்கலாம். ஊர்மேல இருக்கிற பாசம் புரியுதும்மா. ஆனா சயின்ஸ்ல எமோஷன் கூடாது.”

“பாசம் இல்ல சார் இது. கோபம்.”

தலைமை தாங்கியவர் கடிகாரத்தைப் பார்த்தார். டீ இடைவேளை என்றார். என் கையிலிருந்த மைக் செத்துவிட்டது. அப்போது கடைசி வரிசையிலிருந்து அந்தோணியின் குரல் வந்தது. மோட்டார் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய குரலுக்கு மைக் எதற்கு?

“ஏங்க! கார்ல உக்காந்துக்கினு பாத்தீங்களே! நான்தானே தூக்கிக் காமிச்சேன்! நைஸ் நைஸ்னு சொன்னீங்களே, அப்ப இன்னா கலரா இருந்துச்சு? சொல்லிட்டுப் போங்க!”

டைரக்டர் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். யாரென்று தெரிந்துவிட்டது அவருக்கு. சிரிப்பு போனது. காவலாளிகள் இரண்டு பேர் அவனை நோக்கி நடந்தார்கள். “தொடாதீங்க, நானே போறேன்” என்று சொல்லிவிட்டு, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போனான். நான் பாட்டிலை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். எனக்கு வழிவிட்டு ஒதுங்கினார்களே தவிர, ஒருவரும் என் பக்கத்தில் வந்து நிற்கவில்லை. அந்த அரங்கத்தில் என்னோடு படித்தவர்கள் இருந்தார்கள். என் மாணவர்களாக இருந்து இன்று பெரிய இடங்களில் இருப்பவர்களும் இருந்தார்கள். டீ வரிசையில் நின்றார்கள்.

மாற்றக்கூடியது ஒன்று

அன்றைக்கே நத்தையை வாய்க்காலில் கொண்டுபோய் விட்டோம். மறுநாள் முதல் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் அந்த ஸ்பிரிட் பாட்டிலைப் பார்க்க அருங்காட்சியகத்துக்கு ரயில் ஏறினேன். ஓர் இனத்துக்கு மூல அடையாளமாக ஒரு பிராணியை அங்கே பாதுகாத்து வைப்பார்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். லேபிளில் புதுச்சேரி. உள்ளே நான் பிடித்தது. மூடியைத் திறந்து அதை வெளியே எடுத்து அளக்கும்போது அழுவேன் என்று நினைத்தேன். அழவில்லை. அளந்து முடித்தேன்.

பெயரை மாற்ற முடியாது என்றேன் அல்லவா? ஆனால், முதலில் கிடைத்த இடத்தைத் தவறாக எழுதியிருந்தால், தகுந்த ஆதாரத்தோடு பின்னால் வருகிறவர் அதைத் திருத்தலாம். அதைத்தான் செய்தேன். உயிருள்ள நத்தையின் முழு விவரம், நிறம், முட்டை, சாப்பாடு, எந்த மாதம் வரும் எந்த மாதம் மறையும் என்பது வரை எழுதி, இடத்தைத் திருத்தி அனுப்பினேன். நல்ல இதழ் ஒன்று கேள்விமேல் கேள்வி கேட்டு, கடைசியில் போட்டது. இப்போது உலகத்தில் எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் அந்த நத்தையின் ஊர், மரக்காணம்.

படித்துக் காட்டியபோது அந்தோணி, “அப்ப பேரு?” என்றான்.

“அது அப்படியேதான்.”

“எப்பவுமேவா?”

“எப்பவுமே.”

“இன்னா சட்டம்க்கா இது” என்று காறித் துப்பினான்.

போன மாதம் வகைப்பாட்டியல் வகுப்பு. பிராணிகளின் பெயரை எழுதும் முறையை நடத்திக்கொண்டிருந்தேன். உதாரணத்துக்கு எங்கள் நத்தையின் பெயரைக் கரும்பலகையில் முழுசாக எழுதினேன். படத்தைத் திரையில் போட்டேன். பச்சை.

“பல்லிடான்னா என்ன மேடம்?” என்று ஒரு பெண் கேட்டாள்.

“வெளிறியது.”

“பச்சையாதானே மேடம் இருக்குது?”

“ஆமா.”

“அப்ப பின்னாடி எழுதியிருக்கீங்களே, அது யாரு பேரு?”

“பேர் வச்சவர் பேரு. இனத்தோட பேருக்குப் பின்னாடி அவர் பேரையும் சேர்த்து எழுதணும். அதுவும் முறை.”

“எப்பவுமேவா மேடம்?”

“எப்பவுமே. நத்தை அழிஞ்சி போனாலும்.”

அவள் கரும்பலகையைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், மறுபடி கரும்பலகையைப் பார்த்தாள். “அப்ப எல்லாருக்கும் தெரிஞ்சிடுமே மேடம், இவர் பாக்காமலே எழுதிட்டார்னு” என்றாள்.

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. கோபமெல்லாம் தீர்ந்துவிட்டதா என்று கேட்டால், இல்லை. சாக்பீஸால் தொட்டுக் காட்டி அவருடைய பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னேன், யாரும் பிழையாக எழுதிக்கொள்ளக் கூடாது என்று.